24,800 டாலர் போல் பார்ன்: அந்தப் பேப்பரில் இல்லாத கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீளமான பதிவு. மிச்சிகன், ஒஹாயோ பக்கம் இரண்டு ஏக்கரோடு வீடு வாங்கிவிட்டு, "பின்னாடி ஒரு போல் பார்ன் போட்டுடலாம்" என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கட்டியவரின் பெயரைக் கேட்காதீர்கள். எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அந்த அறிவுரைக்கும் தனியாகக் காசு கொடுத்திருக்கிறேன்.

போல் பார்ன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: நம்மூரில் பந்தக்கால் நட்டுக் கொட்டகை போடுவது மாதிரிதான். சுற்றிலும் அஸ்திவாரம் கட்டாமல், மருந்து ஏற்றிய மரக் கம்பங்களை மண்ணில் ஆழமாக ஊன்றி, குறுக்குச் சட்டம் அடித்து, மேலே டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) ஏற்றி, தகரம் போர்த்திவிடுவார்கள். ஒரு காலத்தில் விவசாயிகள் டிராக்டர் நிறுத்தக் கட்டியது. இப்போது எங்களை மாதிரி ஆட்கள் கார் நிறுத்துகிறோம்.

2022 கடைசியில் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து மேற்கே தள்ளி வீடு வாங்கினோம். வீட்டோடு இருந்த கராஜில் இரண்டு கார் நின்றால் பனி தள்ளும் மெஷின் வெளியே நிற்க வேண்டும். எனக்கு ஒரு பழைய கார் வாங்கிப் பிரித்து மேய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அடுத்த வசந்தத்தில் தபால் பெட்டியில் ஒரு விளம்பரத் தாள் வந்தது. 30க்கு 40 அடி, கட்டி முடித்து 24,800 டாலர். படத்தில் இரண்டு பெரிய கதவு, வழவழப்பான சிமென்ட் தரை, உள்ளே விளக்கு எரிகிறது, ஒரு சிவப்பு பிக்கப் நிற்கிறது.

1,200 சதுர அடி. சதுர அடிக்கு 20 டாலர் 67 சென்ட். எஞ்சினியர் மூளை கால்குலேட்டரைத் தட்டியதும் குளிர்ந்துவிட்டது. மூளை அங்கேயே உட்கார்ந்துவிட்டது என்பதுதான் பிரச்சினை.

இன்னும் இரண்டு பேரிடமும் விலை கேட்டேன். ஒருவர் 33,000 சொன்னார். மூன்றாமவர் வீட்டுக்கே வந்தார், அரை மணி நேரம் நிலத்தைச் சுற்றி நடந்தார், சரிவைப் பார்த்தார், "கரண்ட் எங்கிருந்து இழுப்பீங்க?" என்று கேட்டார். மூன்று நாள் கழித்து 41,900 என்று நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். நான் சிரித்தேன். ஏமாற்றுகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் பேப்பரில் கதவு, கதவு மோட்டார், காங்கிரீட் தரை, ஒரு அடி இறவாரம், மழைநீர்க் கால்வாய், கூரைக்கு அடியில் ஈரத்தடுப்பு, பெர்மிட் கட்டணம் எல்லாம் வரிவரியாக இருந்தன. கடைசியில் "இதில் சேராதவை" என்று தலைப்புப் போட்டு, மண் சமன்படுத்துவதும் கரண்டும் எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

24,800காரர் ஒரே பக்கம்தான் கொடுத்தார். ஒரு பக்கம் என்றால் எளிமை என்று நினைத்தேன்.

2023 மே மாதம் கையெழுத்து. அன்றைக்கே பாதி, 12,400. மரமும் தகரமும் வந்து இறங்கியதும் 40 சதவீதம், அதாவது 9,920. மீதி 2,480 வேலை முடிந்ததும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கம்பம்கூட நிற்பதற்கு முன்னால் என் பணத்தில் 22,320 அவர் பையில். ஊரில் ஒரு கொத்தனாருக்கு இப்படிக் கொடுத்திருந்தால் அப்பா என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

லைசென்ஸ் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். மிச்சிகனில் 600 டாலருக்கு மேல் வீட்டு வேலை எடுப்பவருக்கு மாநில லைசென்ஸ் வேண்டும், இணையத்திலேயே சரிபார்க்கலாம். அவருடையது பக்காவாக இருந்தது. அதனால் நடந்தது எதுவும் மாறவில்லை.

பெர்மிட் விஷயத்தில் அடுத்த கோட்டை விட்டேன். "வீட்டுக்காரர் பேரில் நீங்களே போட்டா டவுன்ஷிப்ல சீக்கிரம் கொடுத்துடுவாங்க" என்றார். டவுன்ஷிப் என்றால் இங்கே உள்ளூர் நிர்வாகம். சரி என்று வரைபடம், கட்டணம் எல்லாம் சேர்த்து 850 டாலர் கட்டி என் பேரில் வாங்கினேன். பெர்மிட் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் டவுன்ஷிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு உறைத்த நாள் செப்டம்பரில் வந்தது.

எங்கள் பக்கம் கம்பத்துக்குக் குழி 42 இன்ச் ஆழம் போக வேண்டும். குளிர்காலத்தில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து உப்பும். கம்பத்தின் அடி அந்த உறையும் மட்டத்துக்கு மேலே நின்றால் மண் அதைப் பிடித்து மேலே தள்ளும். எல்லாக் கம்பத்தையும் ஒரே அளவு தள்ளினால்கூடப் பரவாயில்லை, ஒன்று எழும், ஒன்று எழாது. அடுத்த வருடம் கதவு இழுத்தால் மூடாது. அதனால்தான் குழியை மூடுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்ப்பார்.

மே மாதம் "எட்டு வாரம்" என்றவர்கள் செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். மதியத்துக்குள் குழி போட்டுவிட்டு, "இன்னிக்கே கம்பம் நட்டு மூடிடறோம், இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வந்து மேலே பார்த்துக்குவார்" என்றான் ஒரு பையன். ஏதோ இடித்தது. நான் ஒன்றும் பெரிய விவரம் தெரிந்து நிறுத்தவில்லை, பெர்மிட் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் படித்திருந்தேன், அவ்வளவுதான். மூடக் கூடாது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் டேப்பை விட்டார். 36. அடுத்தது 35. ஒரு மூலையில் 34. பேசவே இல்லை, சிவப்புச் சீட்டை எழுதி என் கையில் கொடுத்தார். என் பேரில்.

மறுபடி தோண்ட ஒரு வாரம் கழித்து வந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பில்லில் "கடினமான தோண்டல், ஆறு மணி நேரம், மணிக்கு 150" என்று 900 டாலர். போன் போட்டுக் கத்தினேன். "ஒப்பந்தத்துக்குப் பின்பக்கம் பாருங்க" என்றார். ஒரே பக்கம் என்று சொன்னேனே, அந்தப் பக்கத்துக்கு ஒரு பின்பக்கம் இருந்தது. வெளிர்சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். கல்லோ களிமண்ணோ வந்தால் மணிக்கணக்கில் தனிக்காசு. மிச்சிகனில் களிமண் வராத இடம் தேடினால்தான் அதிசயம். அவர்கள் முதலிலேயே தோண்டியிருக்க வேண்டிய ஆழத்தைத் தோண்ட நான் தனியாகக் காசு கொடுத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அதே பின்பக்கத்தில்தான் மற்றதெல்லாம் இருந்தன. கதவு என்று எழுதியிருந்ததன் பொருள் கதவுக்கான திறப்பு மட்டும். இரண்டு ஓட்டை. கதவும் மோட்டாரும் நான் தனியாக வாங்கிப் பொருத்த 3,900. இறவாரம் கிடையாது, சுவரோடு கூரை நின்றுவிடும், மழை சுவரிலேயே வழியும். அதைச் சேர்க்க 1,300. தரை என்றால் இருக்கிற மண்தான். நான்கு இன்ச் காங்கிரீட் வேறு ஆளை வைத்து, சதுர அடிக்கு ஏழேகால் டாலர், 8,700. அதற்கும் முன்னால் மேல்மண்ணை வழித்து, சரிவை நிரப்பி, ஜல்லி கொட்டிக் கெட்டிப்படுத்த 4,600. 40 அடி நீளத்துக்கு என் நிலம் இரண்டடி இறங்குகிறது. மூன்றாமவர் நடந்து பார்த்தது அதைத்தான். மழைநீர்க் கால்வாய் 900. வீட்டிலிருந்து பள்ளம் வெட்டிக் கரண்ட் கொண்டுபோக 4,300.

முதல் 24,800, பெர்மிட் 850, தோண்டல் 900 எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 50,250.

தகரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "29 கேஜ்" என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். 26ஐ விட 29 பெரிய எண், கனம் கூட என்றுதான் நினைத்தேன். தலைகீழ். எண் ஏற ஏறத் தகடு மெலியும். 29 கேஜ் ஒன்றும் மோசமில்லை, இங்கே நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

சுவர் உயரம் 10 அடி என்றார்கள். அதை எங்கிருந்து அளப்பது என்று யார் கேட்டது? மண்ணோடு ஒட்டி ஓடும் அடிப்பலகையின் கீழ் விளிம்பிலிருந்து அளக்கிறார்கள். ஜல்லியும் காங்கிரீட்டும் உள்ளே ஏறிய பிறகு, தரையிலிருந்து டிரஸின் அடி வரை நான் அளந்தது 9 அடி 5 இன்ச். காரைத் தூக்கி நிறுத்தி அதன் அடியில் இன்னொன்றை விடும் லிஃப்ட் வாங்குவதாகத் திட்டம். ஒரு செடான் நாலே முக்கால் அடி. இரண்டு செடானுக்கே ஒன்பதரை, நடுவில் இரும்புத் தட்டு வேறு. 12 அடி சுவர் கேட்டிருக்க வேண்டியது என் தப்புதான். ஆனால் லிஃப்ட் வைக்கப்போகிறேன் என்று அந்த விற்பனைக்காரரிடம் முதல் நாளே சொன்னேன். "தாராளமா வைக்கலாம்" என்றார்.

நவம்பரில் கடைசித் தவணையும் கொடுத்து முடித்தாயிற்று. டிசம்பரில் ஒரு நாள் மனைவி, "என்னங்க, வீட்டு மேல ஏதோ லீன் போட்டிருக்குன்னு கவுண்டியிலருந்து வந்திருக்கு" என்றாள். லீன் என்றால் நம்மூர் பாஷையில் வில்லங்கம். கட்டியவர் என் பணத்தை வாங்கி மரக்கடைக்குக் கொடுக்கவில்லை. மரக்கடைக்காரர் தன் 7,160 டாலருக்கு என் சொத்தின் மேல் பதிவு செய்துவிட்டார். வீட்டை விற்கப் போனாலும், கடனை மாற்றி வாங்கப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

இதில் கொடுமை, மரக்கடை எனக்கு முன்பே சொல்லியிருந்தது. மரம் வந்து இறங்கிய சில நாளில் சர்டிஃபைடு தபாலில் "நோட்டீஸ் ஆஃப் ஃபர்னிஷிங்" என்று ஒரு கடிதம் வந்தது. உங்கள் இடத்துக்கு நாங்கள் பொருள் கொடுக்கிறோம், எங்களுக்கும் பணம் வர வேண்டும் என்பதற்கான சட்டப்படியான அறிவிப்பு அது. நான் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துச் சமையலறை டிராயரில், பீட்சா கூப்பனோடு போட்டு வைத்திருந்தேன்.

தப்பித்தது எப்படி என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தது, கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் செக் நகல் இருந்தது. மிச்சிகன் லீன் சட்டத்தில், வீட்டுக்காரர் எழுத்து ஒப்பந்தப்படி காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்துவிட்டதை நிரூபித்தால், அந்த அளவுக்கு வீட்டின் மேல் லீன் ஒட்டாது. வக்கீல் அதை எழுதி அனுப்பினார், மரக்கடை பின்வாங்கியது. வக்கீலுக்கு 1,400. ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று கட்டியவர் சொன்னபோது நான் மட்டும் ஆசைப்பட்டிருந்தால் கதையே வேறு.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "கடைசித் தவணைக்கு முன்னால் ஸ்வோர்ன் ஸ்டேட்மென்ட் வாங்கினீங்களா?" யார் யாரிடம் பொருள் வாங்கினேன், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று காண்ட்ராக்டர் சத்தியம் செய்து கொடுக்கும் பட்டியல் அது. அதில் இருக்கிற ஒவ்வொரு பெயரிடமிருந்தும் பணம் வந்துவிட்டது, லீன் உரிமையை விட்டுவிட்டோம் என்று கையெழுத்துத் தாள் வந்த பிறகுதான் செக் எழுத வேண்டும். நான் அந்தச் சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

ஜனவரியில் இன்னொன்று. பனி அப்பிய காரை உள்ளே விட்டேன், உருகியது. புதுக் காங்கிரீட்டிலிருந்தும் ஈரம் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த ஈரமெல்லாம் மேலே போய், சில்லென்ற தகரத்தில் பட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெளியே வெயில், உள்ளே மழை. ஈரத்தடுப்பு ஏன் போடவில்லை என்று மே மாதம் கேட்டதற்கு, "ஹீட்டர் இல்லாத கராஜுக்கு அது தண்டச் செலவு" என்றிருந்தார்கள். தகரத்தை ஏற்றும்போதே போட்டிருந்தால் சுலபம். இப்போது அடியிலிருந்து ஃபோம் அடிக்க வேண்டும், அதற்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை பழைய காரின் மேல் நீலத் தார்ப்பாய்.

ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து அந்த மூன்றாமவரின் நாலு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 41,900, அவர் சேராது என்று எழுதியிருந்த மண் வேலை 4,600, கரண்ட் 4,300. மொத்தம் 50,800. என்னுடையது வக்கீலோடு 51,650, ஈரத்தடுப்பு இல்லாமல். 850 டாலர் கூடக் கொடுத்து, சொட்டுகிற கொட்டகையும் ஏழு மாத மன உளைச்சலும் வாங்கியிருக்கிறேன்.

பக்கத்து நிலத்துப் பெரியவரிடம் மூன்று பார்ன் இருக்கின்றன. இதையெல்லாம் சொன்னேன். அவர் யாரிடமும் "பார்ன் என்ன விலை" என்று கேட்பதே இல்லையாம். "தரை போட்டு, கதவு மாட்டி, நான் சுவிட்சைப் போட்டா விளக்கு எரியணும், அதுக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பாராம். பதிலாக வருகிற எண்ணைவிட, பதில் சொல்பவர் எதையெல்லாம் திருப்பிக் கேட்கிறார் என்று பார்ப்பாராம். போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேட்கலையே" என்றார்.

யாராவது இந்த வசந்தத்தில் கட்டுவதாக இருந்தால், மூன்றாமவரின் நாலு பக்கத்தையும் என் ஒப்பந்தத்தின் அந்தப் பின்பக்கத்தையும் பெயர்களை மறைத்து அனுப்புகிறேன், உள்பெட்டியில் கேளுங்கள். உங்கள் கையில் இருக்கும் கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி டிக் அடித்துப் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். ஃபோம் அடிக்கிற நல்ல ஆள் யாருக்காவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.