மூன்றாவது தடவை யாரை அனுப்புவது?

தேவிபட்டினத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பட்டாளத்தார் இருக்கிறார். எனக்குப் பெரியப்பா முறை. 17 வருஷம் சர்வீஸ் முடித்து வந்தவர், அதில் ஒன்றரை வருஷம் இலங்கையில். அவர் கொண்டுவந்த கருப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளை பெயின்டில் எழுதிய நம்பர் இன்னும் அழியவில்லை. உள்ளே இப்போது முண்டு வற்றல் இருக்கிறது.

என் அக்கா மகன் அக்னிவீர் ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறான். ஓடி முடித்து வேர்வையோடு பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவான். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் முடிந்த வாரத்தில் ஒரு நாள் கேட்டான்: "நாலு நாள்ல முடியுற சண்டைக்கு எதுக்குத் தாத்தா 12 லட்சம் பேரு?"

"நாலு நாள்ல முடிஞ்சது, சரி. அடுத்த மாசம் இன்னொண்ணு, அப்புறம் வேற மூலையில ஒண்ணு வந்தா? மூணாவது தடவை யாரடா அனுப்புவ?"

பெரும்போருக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது வேறு கணக்கு. அது வந்தால் நாடே எழுந்து நிற்கும். ஆனால் அடிக்கடி வருகிற சின்னச் சண்டைகளுக்கு எந்த மாதிரிப் படை தாங்கும்? மூன்று வழிகள் பேசப்படுகின்றன: நீண்ட சேவை கொண்ட பெரிய நிலைப்படை, நாலைந்து வருஷத்தில் ஆள் மாறுகிற குறுகிய சேவைப் படை, சின்னதாக ஒரு தொழில்முறைப் படையும் அதற்குப் பின்னால் ரிசர்வும் (வீட்டில் இருந்தாலும் தேவைப்பட்டால் கூப்பிடக்கூடிய ஆட்கள்).

மூன்றையும் எடைபோடுவதற்கு முன் ஒரு கணக்கு. மண்டபம் ஜெட்டியில் நிற்கும் படகுகளை எண்ணி அன்றைய மீன்பாட்டைச் சொல்ல முடியாது. ஒன்று கடலில் இருக்கும். ஒன்று வந்து ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருக்கும், ஆட்கள் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று கரையேற்றி, அடிப்பலகை சுரண்டி, பெயின்டுக்குக் காத்திருக்கும். பட்டாளமும் அப்படித்தான். ஒரு பங்கு களத்தில், ஒரு பங்கு திரும்பி வந்து ஓய்வில், ஒரு பங்கு அடுத்த முறைக்குப் பயிற்சியில். பிரிட்டிஷ் ராணுவம் இன்னும் தாராளமாகக் கணக்கிட்டது: ஆறு மாதம் வெளியே போனவனுக்கு அடுத்த முறைக்குள் 24 மாத இடைவெளி. அப்படியென்றால் வெளியே 10,000 பேர் நிற்க, அவர்களையும் சேர்த்து மொத்தம் 50,000 பேர் வேண்டும். அமெரிக்கா 2007-இல் இந்தக் கணக்கை மீறியது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த தரைப்படையினரின் 12 மாத முறையை 15 மாதமாக நீட்டியது. ஒப்பந்தம் முடிந்தவர்களைக்கூட வீட்டுக்கு விடாமல் பிடித்து வைத்தது.

ஆகவே மொத்தத் தலைக்கணக்கு ஏமாற்றும். எத்தனை இடத்தில், எத்தனை முறை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய படை: பலாலியில் தொடங்கிய பாடம்

இந்த வழிக்கு நம் கரைக்கு எதிரிலேயே உதாரணம் இருக்கிறது. 1987 ஜூலை 29-இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது, மறுநாளே இந்திய வீரர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளத்தில் இறங்கினார்கள். அமைதி காக்கப் போனவர்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். முதலில் போனது ஒரு டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட பிரிவு). போகப் போக நான்கு டிவிஷன் ஆனது. 1990 மார்ச் 24-இல் கடைசி அணி கப்பலேறியபோது சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்திருந்தோம்.

ஆள் போதவில்லையா? ஜேம்ஸ் குயின்லிவன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1995-இல் ஒரு கணக்கு சொன்னார். கலகப் பகுதியை அடக்கி வைக்க 1,000 மக்களுக்கு 20 பாதுகாப்புப் படையினர் வரை தேவைப்படலாம் என்பது அது. இலங்கையின் வடக்கும் கிழக்கும் சேர்ந்து 1981 கணக்கெடுப்பில் சுமார் 20 லட்சம் பேர். 40,000 பேர் போதும் என்று வருகிறது. நாம் அனுப்பியது அதைவிட நிறைய. கணக்கில் பாஸ், களத்தில் ஃபெயில்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நாங்க போய் ஒரு ஊரோட சந்து பொந்து, கிணறு, எந்த வீட்டு நாய் குரைக்கும்னு பழகறதுக்குள்ள பட்டாலியனை மாத்திருவாங்க. அடுத்து வர்றவனுக்குத் தமிழும் தெரியாது, சந்தும் தெரியாது. மறுபடி ஒண்ணுல இருந்து."

அதே வருஷங்களில் நம் படை வேறு எங்கெல்லாம் நின்றது என்று பாருங்கள். 1984 ஏப்ரலிலிருந்து சியாச்சின் பனியில். 1986–87-இல் அருணாசலத்தின் சும்டோரோங் சூவில் சீனர்களுக்கு எதிரே. பஞ்சாப் இன்னும் ஆறவில்லை. 1988 நவம்பர் 3-ஆம் தேதி மாலத்தீவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி. அன்று இரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் பிரிகேட் ஆட்கள் ஹுல்ஹுலே விமானத் தளத்தில் இறங்கிவிட்டார்கள், ஒரே நாளில் தலைநகர் கைக்கு வந்தது. 1989 முடிவதற்குள் காஷ்மீர் பற்றிக்கொண்டது. அதற்கென்றே 1990-இல் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் என்று தனிப் படை உண்டாக்க வேண்டிவந்தது. உலகின் மிகப் பெரிய படைகளில் ஒன்று, அந்த ஆறு வருஷத்தில் மூச்சு வாங்கியது.

மாலத்தீவையும் யாழ்ப்பாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. சின்னச் சண்டையில் ஜெயித்துக் கொடுத்தது எப்போதும் தயாராக இருந்த ஒரு சின்ன அணி. தோற்கடித்தது முடிவே தெரியாத வேலை. இரண்டிலும் பன்னிரண்டு லட்சம் என்ற எண்ணுக்கு நேரடி வேலை இல்லை.

பெரிய படையின் அடுத்த தொல்லை காசு. 2025–26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியம் மட்டும் 1.6 லட்சம் கோடி. நூறு ரூபாயில் இருபத்து மூன்றுக்கு மேல். பெரியப்பாவின் பென்ஷனும் அதில் சேர்த்திதான், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சண்டை முடிந்தும் படை சுருங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 2009 மே மாதம் போர் முடிந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் கொண்ட தரைப்படை அப்படியே நின்றது. நாடு திவாலான பிறகு, 2023 ஜனவரியில்தான் 1,35,000-க்குக் குறைப்போம், 2030-க்குள் ஒரு லட்சமாக்குவோம் என்று அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வன்னியில் சிப்பாய்கள் காய்கறி பயிரிட்டு விற்றார்கள். 2022-இல் பிழைப்பு தேடி தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களை நம் கடற்கரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குறுகிய சேவை

2022 ஜூன் 14-இல் அறிவித்த அக்னிபத் (அக்னிவீர்களைச் சேர்க்கும் திட்டம்) ஒன்றும் புது யோசனை இல்லை. பிரிட்டனில் போர் அமைச்சர் எட்வர்ட் கார்ட்வெல் 1870-லேயே செய்ததன் தூரத்து உறவு. சேர்கிறவன் 12 வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவான். ஆறு வருஷம் படையில், மீதி ஆறு வருஷம் ரிசர்வில். ரெஜிமென்டுக்கு இரண்டு பட்டாலியன்: ஒன்று இந்தியா மாதிரி வெளிநாட்டில், மற்றது ஊரில் ஆளெடுத்துப் பழக்கி அதற்கு அனுப்பும். காகிதத்தில் அழகு.

அதைக் கெடுத்தது பெரும்போர் இல்லை, சின்னச் சண்டைகள்தான். ஆப்கானிஸ்தான், தென்னாப்பிரிக்கா என்று ஒன்று மாற்றி ஒன்று வந்ததில் வெளியே நின்ற பட்டாலியன்கள் ஊரில் இருந்தவற்றைவிட அதிகமாகிவிட்டன. 1879-இல் சூலுக்களிடம் இசண்டல்வானாவில் தோற்ற பிறகு அனுப்பிய கூடுதல் படையில் பாதிப் பழக்கத்தோடு இருந்த பையன்கள் நிறையப் பேர். ரிசர்வைக் கூப்பிடலாமே? சட்டப்படி நாட்டுக்கே ஆபத்து என்றால்தான் கூப்பிட முடியும். சின்னச் சண்டைக்கு யாரும் அப்படி அறிவிக்க மாட்டார்கள்.

அக்னிபத் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது: நாலு வருஷம், முதல் வருஷம் மாதம் 30,000, நாலாம் வருஷம் 40,000, போகும்போது சேவா நிதி சுமார் 11.71 லட்சம், நூற்றில் 25 பேருக்குத்தான் தொடர்ந்து வேலை. படை இளமையாக இருக்கும், பென்ஷன் சுமை குறையும். இரண்டும் உண்மை. பனிமலையில் 19 வயது நுரையீரலுக்கு ஈடு இல்லை என்று பெரியப்பாவே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் சின்னச் சண்டை என்பது பெரும்பாலும் ஹவில்தாரின் சண்டை. மேலதிகாரி பத்து கிலோமீட்டர் பின்னால் இருப்பார். சந்து முனையில் சுடலாமா, பேசலாமா, பின்வாங்கலாமா என்று முடிவெடுக்கிறவர் பன்னிரண்டு பதினைந்து வருஷம் உழைத்துத் தேறிய நாயக்கோ ஹவில்தாரோதான். 2020 ஜூன் 15-இல் லடாக்கின் கல்வானில் சீனர்களோடு மோதி உயிர்விட்ட 20 பேரில் ஒருவர் நம் திருவாடானைப் பக்கம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. 22 வருஷம் படையில் இருந்தவர், இறந்த பிறகு வீர் சக்ரா கிடைத்தது. அந்த அனுபவம் நாலு வருஷத்தில் வராது. 25 சதவீதம் பேர் மட்டும் மிஞ்சினால் பத்து வருஷம் கழித்து ஹவில்தாராக ஆவதற்கு யாரைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை பேரிலிருந்து தேர்ந்தெடுப்பது? அக்னிபத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். பென்ஷன் இல்லை என்பதுகூட இரண்டாம் பட்சம்.

கல்வானுக்குப் பிறகு கிழக்கு லடாக்கில் சுமார் 50,000 பேரைக் குளிர்காலத்திலும் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்காக ஜம்மு பகுதியிலிருந்து ராஷ்ட்ரிய ரைபிள்ஸின் ஒரு பெரும் பிரிவை மாற்றினார்கள். அப்புறம் பூஞ்ச், ரஜௌரி பக்கம் தாக்குதல்கள் கூடின. இரண்டையும் முடிச்சுப்போடுகிற விமர்சகர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதே சமயம் கொரோனாவால் இரண்டு வருஷம் ஆள்சேர்ப்பும் நடக்கவில்லை. 2025-இல் அதிகாரி அல்லாதவர்களில் மட்டும் 90,000-க்கு மேல் காலி இடம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையிலேயே வந்தது. ஆக, 12 லட்சம் என்று நாம் சொல்வதே முழுசாக இல்லை.

சின்னப் படையும் ரிசர்வும்

இதை நம் மண்ணிலேயே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார்: கிழக்கிந்தியக் கம்பெனி. 1795-இல் சேதுபதியை நீக்கி ராமநாதபுரத்தைக் கையில் எடுத்தது. இருந்த கொஞ்சம் படையை இங்கும் அங்கும் ஓட்டித்தான் காலம் தள்ளியது. 1799-இல் திப்புவை முடிக்கப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போயிருந்த நேரம், ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் ஆட்கள் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் கச்சேரிகளில் (கம்பெனி அலுவலகங்களில்) புகுந்தார்கள். அக்டோபரில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டுக் கோட்டையை இடித்து, ஆயிற்று என்று கிளம்பினார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31-இல் கம்பெனி தாக்கித் தோற்றது. வெளியிலிருந்து கூடுதல் படை வந்த பிறகு மே 24-இல்தான் விழுந்தது. அடுத்து மருது சகோதரர்களின் காளையார்கோவில். சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழி போட ஒரு மாதம் போராடிக் கைவிட்டார்கள். கோவில் அவர்கள் கைக்கு வந்தது அக்டோபர் 1.

ஜெயித்தது கம்பெனிதான். ஆனால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்து ஜெயித்தது. சின்னப் படையின் லட்சணம் அது: அடிக்க முடியும், அங்கேயே நிற்க முடியாது. 2006-க்குப் பிறகு ஈராக்கின் பஸ்ராவையும் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்தையும் ஒரே சமயத்தில் சுமந்த பிரிட்டன், சுமார் ஒரு லட்சம் பேர் படையோடு பட்ட பாடும் இதே ரகம்.

சரி, ரிசர்வ்? இஸ்ரேல் 2023 அக்டோபரில் மூன்று லட்சத்துக்கு மேல் ரிசர்வ் ஆட்களைக் கூப்பிட்டது, வந்தார்கள். நாடே அடிபட்ட நேரம். அதே ஆட்களை மூன்றாவது, நாலாவது தடவை கூப்பிட்டபோது கடையும் கம்பெனியும் குடும்பமும் முனகின. தூரத்தில் எங்கோ நடக்கிற, பெயர்கூட வைக்காத சண்டைக்கு யார் வேலையை விட்டு வருவார்?

என் கை எந்தப் பக்கம் என்றால், நீண்ட சேவைப் படை பக்கம்தான். ஆனால் இப்போதைவிடப் பெரிதாக வேண்டாம். காலி இடத்தை நிரப்பி, மாலத்தீவுக்குப் போன மாதிரி அன்றே கிளம்பும் அணிகளைக் கூட்டினால் போதும். அக்னிபத்தை வைத்துக்கொள்வதானால் தங்க வைப்பது பாதிக்குக் குறையக் கூடாது. பெரியப்பா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு லட்சம் பேர் எடு என்கிறார். காசுக்கு எங்கே போவது என்றால், "அது டில்லிக்காரன் பாடு" என்று வெற்றிலையைத் துப்பினார்.

அவர் ஓய்வு பெற்றது 1999 தொடக்கத்தில். இரண்டு வருஷம் ரிசர்வில் வைத்திருந்தார்கள். மே மாதம் கார்கில் வந்தது. தபால் வரும் என்று அந்தக் கருப்புப் பெட்டியைத் துடைத்து, உடுப்பு மடித்து வைத்தார். பெரியம்மா ஒரு வாரம் பேசவில்லை. ஜூலையில் சண்டை முடிந்தது, தபால் வரவில்லை.

போன வாரம் அதைச் சொல்லிவிட்டு அக்கா மகனைப் பார்த்தார். "நாலு வருஷம் முடிச்சு வீட்டுக்கு வந்தப்புறம் மறுபடி கூப்பிட்டா நீ போவியாடா?"

"போவேன் தாத்தா. ஆனா எங்களுக்குத்தான் ரிசர்வே கிடையாதே. யாரு கூப்பிடுவா?"

பெரியப்பா கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், நாளைக்கு ஓடும்போது ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போடு என்றார்.