வீட்டு டயாலிசிஸ் பை: சொந்தக் கடை நடத்துபவர் வீட்டுக்குத் தோதா?

கணவன், மனைவியில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, மற்றவர் கடையைப் பார்க்கிறார் என்றால் வாரம் 3 நாள், தலா 4 மணி நேரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு உட்காருவதைவிட சிஏபிடி தோது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் முறை இது. 2 லிட்டர் இரட்டைப் பை (ஒன்றில் புதுத் திரவம், மற்றது வடியும் நீருக்கு), பெரும்பாலும் நாளுக்கு 3, 4 முறை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சுமார் அரை மணி. கடை திறக்குமுன், மதியம், சாயங்காலம், படுக்கப்போகும்போது என்று வைத்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று கை கழுவுவதைச் சுருக்கினால்தான் வினை. ஃபேனை அணைத்து, கதவைச் சாத்தி, மாஸ்க் போட்டு, இணைப்பு முனை எதிலும் படாமல் மாட்ட வேண்டும். வடிந்த நீர் கலங்கலாக வந்தால் வயிற்றுக்குள் தொற்று இருக்கலாம். பையைக் கொட்டாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். நீர் வடியவில்லையா? முதலில் குழாய் மடிந்திருக்கிறதா பாருங்கள், அடுத்தது மலச்சிக்கல். திரவத்தை வெதுவெதுப்பாக்கப் பையை வெந்நீரில் முக்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது, ஹீட்டிங் பேட் போன்ற உலர்ந்த சூடுதான்.

பெரிய குறை இடம். நாளுக்கு 4 என்றால் மாதம் 120 பை, கால் டன்னுக்கு மேல்! கடை கோடவுனின் வெயில் படாத மூலையை முதலிலேயே ஒழித்து வையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு இன்னொன்று: திரவத்தில் குளுக்கோஸ் உண்டு, இன்சுலின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டிவரலாம்.