புதுச்சேரித் தண்ணீர்: டி.டி.எஸ். மீட்டர் சொல்லாத கணக்கு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் 1859 முதல் லாக் கேட்ரின் ஏரியிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக் கல் இல்லாத மலைகளில் பெய்யும் மழைநீர் என்பதால் அதன் கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமைக்கூட எட்டாது. சோப்பைத் தொட்டாலே நுரை பொங்கும், கெட்டிலின் அடி வருடக்கணக்கில் பளபளப்பாகவே இருக்கும். அந்தத் தண்ணீரில் பழகியவர்கள் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தால் முதல் குளியலிலேயே மாற்றம் தெரிந்துவிடும். பல வீடுகளில் நுரை கட்டாது, தலைமுடி நார் மாதிரி ஆகும், ஷவர் துளைகளில் வெள்ளைப் பொருக்கு ஏறியிருக்கும்.

‘உப்புத் தண்ணி’ என்று சொல்லி உடனே டி.டி.எஸ். மீட்டரை, அதாவது மொத்தக் கரைந்த உப்பைக் காட்டும் பேனா மாதிரிக் கருவியை, தண்ணீரில் விடுகிறார்கள். பாதித் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பேனா அளப்பது மின்கடத்தும் திறனை மட்டும்தான். அதை ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்த உப்பு இவ்வளவு என்று காட்டுகிறது. கரைந்தது சோடியமா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. இரண்டு போர்களிலும் (ஆழ்துளைக் கிணறுகளிலும்) மீட்டர் லிட்டருக்கு 900 மில்லிகிராம் காட்டலாம். ஒன்றில் கடினத்தன்மை 150 ஆகவும் மற்றதில் 500 ஆகவும் இருக்க முடியும். முதலாவது நாக்கில் கரிக்கும், இரண்டாவது கெய்சரைக் கெடுக்கும். வைத்தியமும் வேறு வேறு.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை போகலாம். மொத்தக் கடினத்தன்மைக்கு அதே முறையில் 200, 600. பிரான்சில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே தண்ணீர் அறிக்கையில் வரும் ஒரு பிரெஞ்சு டிகிரி கடினத்தன்மை என்பது இங்கே லிட்டருக்கு 10 மில்லிகிராம். 25 டிகிரி என்றால் 250.

புதுச்சேரி நகரம் பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பியே இருக்கிறது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. கடலோரத்தில் மட்டும் கணக்கு மாறுகிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு உப்புநீரை அது அழுத்தி வைக்கும் என்பது கடலோர நீரியலின் அடிப்படைக் கணக்கு. போர் போட்டு உறிஞ்சி அந்த ஒரு மீட்டரைக் குறைத்தால் உப்புநீர் மேலே ஏறும். கடல்நீரில் மெக்னீசியம் ஏராளம் என்பதால் கரிப்போடு கடினத்தன்மையும் கூடவே வரும்.

கடினத்தன்மையை அளப்பதற்கு லேப் வரை போக வேண்டியதில்லை. மீன்தொட்டிக் கடைகளில் ஜி.எச். கிட் என்று கேட்டால் கிடைக்கும். சோதனைக் குழாயை அளக்கப் போகும் தண்ணீராலேயே இரண்டு முறை அலசி, 5 மில்லி கோடு வரை நிரப்பி, மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஆரஞ்சு நிறம் பச்சையாகும் வரை எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும் (கிட்டுக்குக் கிட்டு நிறம் மாறும், தாளைப் படியுங்கள்). பொதுவாக ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் டிகிரி, அதாவது சுமார் 18 மில்லிகிராம். 20 சொட்டு பிடித்தால் 360. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு சிறுத்து எண்ணிக்கை கூடிவிடும், நேராகக் கவிழ்த்துப் பிடியுங்கள்.

எந்தக் குழாயில் பிடிக்கிறோம் என்பதுதான் இன்னும் முக்கியம். பல வீடுகளில் முனிசிபாலிட்டித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுந்து மாடித் தொட்டிக்கு ஏறுகின்றன. தெருக் குழாயிலிருந்து நேராக வரும் குழாயில், காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் ஒன்று, மாடித் தொட்டியிலிருந்து ஒன்று, மோட்டார் ஓடும்போது போரிலிருந்து ஒன்று என மூன்றையும் அளந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். போரை மட்டும் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் பிரித்து விட்டாலே பாதி வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடும்.

முடியாவிட்டால்தான் சாஃப்ட்னர், அதாவது கடினத்தன்மையை நீக்கும் கருவி. விற்பவர் வாரம் ஒருமுறை உப்பு போட்டால் போதும் என்பார், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குள் இருக்கும் பிசின் மணிகளான ரெசின் ஒரு லிட்டர் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 10 லிட்டர் ரெசின் என்றால் 500 கிராம். தண்ணீர் 400 மில்லிகிராம் என்றால் 1250 லிட்டரோடு தீர்ந்துவிடும். நாலு பேர் இருக்கும் வீட்டில் அது இரண்டு நாளைக்குத்தான் வரும். தீர்ந்த ரெசினை உப்பு நீரால் கழுவிப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ உப்பு வேண்டும். அப்படிக் கழுவி வெளியேறும் கழிவுநீரைத் தென்னைக்கோ மழைநீர்க் குழிக்கோ விடவே கூடாது. இன்னொன்று, சாஃப்ட்னர் உப்பை எடுக்காது. கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். கடினத்தன்மை 100 குறைந்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சமையலறைக் குழாயை அந்த லைனில் சேர்க்காதீர்கள்.

குடிக்க, சமைக்க ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் போதும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையவில்லை என்றால் பருப்பைக் குறை சொல்லும் முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். கால்சியம் பருப்பின் செல்சுவரை இறுக்கிவிடும். ஊறவைப்பதையும் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீரில்தான் செய்ய வேண்டும்.

கெட்டிலில் படிந்த பொருக்குக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டுக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் கழித்து அலசினால் கழன்றுவிடும். ஷவர் தலைக்கு, வினிகர் ஊற்றிய பாலிதீன் பையை ரப்பர் பேண்டால் கட்டி ஒரு இரவு விடலாம். இவற்றை மொசைக், மார்பிள் தரையில் சிந்த விடாதீர்கள், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலமும் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கடின நீர் உடம்புக்குக் கெடுதல் என்ற பயம் வேண்டாம், உலக சுகாதார நிறுவனம் அதற்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கவில்லை. மென்னீருக்கும் குறை உண்டு. பழைய ஈயக் குழாய்களை அது கரைக்கும். அதனால்தான் கிளாஸ்கோவில் அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் கலந்து அனுப்புகிறார்கள்.