சுமத்ரா பிடிஎஃப்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பிடிஎஃப் படிக்க எதை நிறுவலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். விண்டோஸில் பல வருடமாக நான் வைத்திருப்பது சுமத்ரா. சில எம்பிதான், இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம், க்ளிக் செய்த கையோடு பக்கம் திறந்துவிடும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். எனக்கு அதில் பிடித்ததே அது செய்யாமல் விடும் வேலைகள்தான்.

பிடிஎஃப் பார்வைக்கு அச்சடித்த தாள் மாதிரி இருக்கும். உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் (ஸ்கிரிப்ட்) இருக்கலாம், இன்னொரு கோப்பு இருக்கலாம், வேறு புரோகிராமைத் திறக்கச் சொல்லும் கட்டளைகூட இருக்கலாம். அடோபி ரீடர் இவை அத்தனைக்கும் இடம் கொடுத்தது. ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இருந்தது. தாக்குபவர்களுக்கு வேறென்ன வேண்டும்? சுமத்ரா ஸ்கிரிப்டை ஓட்டுவதே இல்லை. அந்தக் கதவு அங்கே கிடையாது.

சரி, நியாயமும் சொல்ல வேண்டும். 2009இல் அடோபி ரீடரில், ஜேபிக்2 என்ற வகைப் படங்களைப் பிரிக்கும் இடத்தில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை, திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குபவர்கள் பயன்படுத்தினார்கள். அந்த ஓட்டைக்கு ஸ்கிரிப்ட் கட்டாயமில்லை. படத்தையும் எழுத்துருவையும் சுமத்ராவும் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதன் உள்ளே இருந்து பக்கங்களைக் காட்டும் மியூபிடிஎஃப் எஞ்சினிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அடோபி 2010இல் ரீடர் 10 பதிப்போடு சாண்ட்பாக்ஸ் கொண்டுவந்தது; கோப்பில் விஷமம் இருந்தாலும் கணினியின் மற்ற பகுதிகளைத் தொடவிடாமல் அடைத்து வைக்கும் வேலி அது. சுமத்ராவில் அது இல்லை. சின்னது என்பதாலேயே பத்திரம் என்று நம்பி, பழைய பதிப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு திரிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஆனால் என்னைக் கோபப்படுத்துவது எக்ஸ்எஃப்ஏ படிவங்கள், அதாவது பிடிஎஃப்புக்குள் வேறொரு முறையில் பொதிந்து வைத்த, நிரப்பும் படிவங்கள். சுமத்ராவில் திறந்தால் 'காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம். எவ்வளவு காத்திருந்தாலும் படிவம் வராது. 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரமே கைவிடச் சொன்ன முறை இது. ஓர் அலுவலகம் இன்னமும் இதைத்தான் அனுப்புகிறது. அந்த ஒரு படிவத்துக்காக அடோபி ரீடரைப் போட வேண்டியிருக்கிறது. அதில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைக்க வசதி உண்டு; அணைத்தால் இப்படிப்பட்ட பல படிவங்கள் ஒழுங்காக வேலை செய்யாது. எதைத் தவிர்க்க நினைக்கிறேனோ அதையே திறந்துவிடச் சொல்கிறார்கள்.

கணக்குப் பார்த்தால், முகம் தெரியாதவர் அனுப்பும் பிடிஎஃப்களுக்குப் புதுப்பித்து வைத்த குரோம் மாதிரியான பிரௌசர்தான் மேல். அதற்குச் சாண்ட்பாக்ஸ் உண்டு. நண்பரிடம் இதையும் சொன்னேன். அப்புறம் அன்றாடம் படிப்பதற்குச் சுமத்ராவையே போடச் சொல்லிவிட்டேன், புதுப் பதிப்பாகப் பார்த்து. அந்த அலுவலகத்துக்கு, சாதாரணப் படிவமாக அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, திரும்ப எழுதுவேன்.