குவெமான்கோ சந்தையின் நோச்சேபுவேனா: மெக்சிகோவின் கிறிஸ்துமஸ் மலர் குறித்த மதிப்புரை

மெக்சிகோ நகரின் தெற்கே, சோச்சிமில்கோ வட்டாரத்தில், பெரிஃபெரிகோ வளையச் சாலையை ஒட்டியிருக்கும் குவெமான்கோ செடிச் சந்தைக்கு டிசம்பரில் செல்பவர், உலகெங்கும் கிறிஸ்துமஸ் மலராக விற்கப்படும் பாயின்செட்டியாவை அதன் தாயகத்திலேயே, வளர்த்தவர் கையிலிருந்தே வாங்கலாம். அங்கே அதன் பெயர் நோச்சேபுவேனா. இந்தச் செடிக்காக ஒரே ஒரு சந்தையைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால் நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

முதன்மையான காரணம் தூரம். பாயின்செட்டியாவைக் காகித உறையில் இறுகச் சுற்றி நெடுந்தொலைவு அனுப்பும்போது, செடியிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு உறைக்குள்ளேயே தேங்கி, இலைக்காம்புகள் வளைந்து தொங்கிவிடுகின்றன. குளிர்நாட்டுப் பல்பொருள் அங்காடிகளில் சோர்ந்த முகத்துடன் நிற்கும் செடிகள் பலவற்றின் கதை இதுதான். குவெமான்கோவுக்கு வரும் செடிகளில் பெரும்பகுதி சோச்சிமில்கோவின் சான் லூயிஸ் த்லாசியால்தெமால்கோ போன்ற அண்டை ஊர்களின் பசுமைக்குடில்களில் வளர்ந்தவை. இறந்தோர் நாளுக்கான செம்பாசூச்சில் சாமந்தியை அக்டோபரில் விற்று முடித்த அதே குடும்பங்கள் அடுத்ததாக நோச்சேபுவேனாவைக் கொண்டுவருகின்றன. அதனால் இலைகள் மண்மட்டம் வரை பச்சையாக, விறைப்பாக இருக்கின்றன. நீர் எப்போது ஊற்றினார்கள், எந்த இடத்தில் வைத்து வளர்த்தார்கள் என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவரே எதிரில் நிற்கிறார்.

வாங்கும்போது சிவப்பைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நாம் இதழ் என்று நினைக்கும் சிவப்புப் பகுதி உண்மையில் நிறம் மாறிய இலை. நடுவில் மணிமணியாக இருக்கும் மஞ்சள் நிறச் சிறு உறுப்புகளே பூக்கள். அவை இறுக மூடியிருந்தால் செடி இளமையானது, இன்னும் பல வாரங்கள் நிற்கும். மகரந்தப் பொடி உதிரத் தொடங்கியிருந்தாலோ, நடுப்பகுதி வெறுமையாக இருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பி வெள்ளை ஈ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீல நிறச் சாயம் தெளித்தும் மினுக்குத் தூள் ஒட்டியும் விற்கப்படும் வகைகள் பல நாடுகளில் பரவியுள்ளன. இயல்பிலேயே இத்தனை நிறைவான நிறம் கொண்ட செடிக்கு அது செய்யும் அவமதிப்பு என்றே கருதுகிறேன்.

இந்தச் செடியின் பயணத்தை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு வருத்தமும் உண்டு. அஸ்டெக் மக்கள் குவெட்லசோச்சிட்ல் என்று அழைத்து வளர்த்த இந்தச் செடியை, பதினேழாம் நூற்றாண்டில் தாஸ்கோ பகுதியின் பிரான்சிஸ்கன் துறவியர் கிறிஸ்து பிறப்பு விழாவின் அலங்காரத்தில் சேர்த்தனர். மெக்சிகோவுக்கான முதல் அமெரிக்கத் தூதராக 1825-இல் வந்த ஜோயல் பாயின்செட் அதைத் தன் நாட்டுக்கு அனுப்பினார். அவர் பெயரே ஆங்கிலத்தில் நிலைத்தது. பின்னர் கலிபோர்னியாவின் எக்கி குடும்பம் அதைத் தொட்டிச் செடியாக்கி உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றது. உயரமாக, மெலிந்து வளரும் காட்டுச் செடி அடர்ந்த புதராகக் கிளைப்பதற்குக் காரணம் ஒட்டுக்கட்டும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் என்பது 1990-களில்தான் தெளிவானது. இன்று மெக்சிகோ விவசாயிகள் வளர்ப்பவற்றில் பெரும்பான்மை வெளிநாட்டு நிறுவனங்கள் உருவாக்கிய ரகங்களே. தம் மண்ணில் பிறந்த செடியின் நாற்றுக்கு அவர்கள் உரிமத்தொகை செலுத்துகிறார்கள். ஆகவே, குவெமான்கோவுக்குச் செல்பவர்கள் வலென்சியானா போன்ற உள்நாட்டு ரகங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். அச்சில் வார்த்தது போன்ற ஒழுங்கு அவற்றில் இராது. ஆனால் அடுக்கடுக்காகச் சுருண்ட வலென்சியானாவின் சிவப்புக் கொத்துக்கு ஈடாக நான் எதையும் வைக்க மாட்டேன்.

ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் அலங்காரம் பனிக்காலத்திலும் இலை உதிர்க்காத ஹோலி, ஐவி, ஃபிர் ஆகியவற்றைச் சுற்றியே வளர்ந்தது. பூ வேண்டுமென்றால் ஜெர்மானியர்கள் டிசம்பர் 4-ஆம் நாள், புனித பார்பரா திருநாளில், செர்ரிக் கிளையை வெட்டி வீட்டுக்குள் நீரில் வைத்து, கிறிஸ்துமஸுக்குள் அது பூக்கக் காத்திருக்கிறார்கள். மெக்சிகோவுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. நீண்ட இரவுகளே நோச்சேபுவேனாவுக்கு நிறத்தைக் கொடுக்கின்றன. இரவு வளரும் காலமும் திருநாளும் அங்கே இயல்பாகவே ஒன்றுசேர்கின்றன. வீடுகளில் குடில் அமைக்கும்போது காட்டுப் பாசியைப் பரப்பும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. காட்டிலிருந்து பாசியை உரித்தெடுப்பது மண்ணின் ஈரத்தைக் குலைப்பதால், குடிலைச் சுற்றிச் சிறு நோச்சேபுவேனாத் தொட்டிகளை வைப்பதே அழகும் நியாயமும் ஆகும். மேசைக்கு நான்கு அங்குலத் தொட்டி போதும். வாசலுக்கு எட்டு அங்குலம் பொருந்தும்.

நச்சுச் செடி என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. நம் ஊர்த் திருகுகள்ளியின் இனத்தைச் சேர்ந்ததாகையால் ஒடித்தால் பால் வடியும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரலாம், தின்றால் வயிறு சற்றுக் கலங்கலாம், அவ்வளவே. செடியைக் கொல்வது பெரும்பாலும் அதிக நீர்தான். தொட்டியைச் சுற்றிய பளபளப்பான தாளின் அடியில் நீர் தேங்கி வேர் அழுகும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைக் கழற்றிவிட வேண்டும் அல்லது அடியில் துளையிட வேண்டும். வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்திலும் குளிர்காற்று அடிக்கும் கதவோரத்திலும் வைக்கக் கூடாது.

திருநாள் முடிந்ததும் செடியைக் குப்பையில் எறிவோருக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. மார்ச் மாதத்தில் கிளைகளை அரை அடி உயரத்துக்கு வெட்டி, கோடை முழுவதும் வெயில் காட்டி வளர்த்து, செப்டம்பர் இறுதியிலிருந்து எட்டு முதல் பத்து வாரங்கள் நாள்தோறும் பதினான்கு மணிநேர முழு இருளைக் கொடுத்தால் மீண்டும் சிவக்கும். அந்த வாரங்களில் தெருவிளக்கின் வெளிச்சம் படும் சன்னலோரம்கூட நிறம் மாறுவதைத் தடுத்துவிடும்.