தருமபுரியில் மெடிக்கல் கோடிங் சேரப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

மெடிக்கல் கோடிங் என்பது டாக்டர் எழுதும் நோயையும் சிகிச்சையையும் ஆஸ்பத்திரி பில்லுக்காகக் கோடுகளாக மாற்றும் வேலை. அதைச் சொல்லித்தருவதாகப் பணம் வாங்கிய பயிற்சி மையத்துக்காரர்கள் இன்று காலை பதினோரு மணிக்கு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தார்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். 48,000 ரூபாய். கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் எழுதுவது எல்லாம் நடந்தது. எப்படித் தப்பிப்பது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். அப்பா தக்காளி போடுகிறார். நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். தருமபுரி டவுனில் மாடியில் இயங்கும் ஒரு பயிற்சி மையம், "மூன்று மாதம், நூறு சதவீதம் வேலை" என்று போர்டு. பெயரைப் போடவில்லை, வழக்கு அது இது என்று வேறு அலைய முடியாது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மையத்து சார் எழுந்து வந்து, "அண்ணா, செருப்போட வாங்க, இது உங்க வீடு மாதிரி" என்றார். டீ வரவழைத்தார். சுவர் முழுக்க வேலைக்குப் போனவர்கள் போட்டோ. "உங்க பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரிண்ணா, சென்னையிலயோ பெங்களூருலயோ உக்கார வெக்கறது என் பொறுப்பு" என்றார். நான் கட்டணத்தைக் கொஞ்சம் குறைக்கக் கேட்கலாம் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் "படிப்புக்குப் பேரம் பேசக் கூடாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அம்மாவின் வளையலை வைத்து வாங்கிய பணம். மஞ்சப்பையிலிருந்து எடுத்து இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். 48,000. அந்த ஒரு "அண்ணா"வில்தான் நாங்கள் விழுந்தோம்.

ரசீதில் "பயிற்சிக் கட்டணம்" என்று மட்டும் இருந்தது. வேலை பற்றியும் சிபிசி (கோடர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ்) தேர்வுக் கட்டணம் பற்றியும் ஒரு எழுத்து இல்லை. வாயால் சொன்னதில் இரண்டும் அடக்கம்.

வகுப்பு எடுத்த மேடம் மூன்றாவது வாரம் நின்றுவிட்டார். அப்புறம் வீடியோ. இந்த வருடத்து கோட் புத்தகம் தருவதாகச் சொல்லிவிட்டு ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கொடுத்தார்கள். அமெரிக்காவில் நோய்களுக்குப் போடும் ஐசிடி-10-சிஎம் கோடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படும், சில நேரம் நடுவிலும் மாறும். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஜெராக்ஸ் எந்த வருடத்தது என்று கேட்கக்கூடத் தெரியாது.

சென்னையில் ஒரு கம்பெனியில் டெஸ்ட். மையம் அனுப்பியது இல்லை, நானே விண்ணப்பித்தது. முதல் சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) உள்நோயாளி, 67 வயது. டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: கோவிட்டால் வந்த நிமோனியா, கூடவே ஆக்சிஜன் குறைந்த தீவிர மூச்சுச் செயலிழப்பு. நான் கோவிட்டுக்கு யூ07.1, அடுத்து நிமோனியாவுக்கு ஜே12.89, மூச்சுச் செயலிழப்புக்கு ஜே96.01 என்று போட்டேன். ஜே12.89 என்பது 2020-இல் போட்ட கோடு. 2021 ஜனவரி 1 முதல் கோவிட் நிமோனியாவுக்கென்றே ஜே12.82 வந்துவிட்டது. என் ஜெராக்ஸில் அந்த வரியே இல்லை.

இரண்டாவது சார்ட் வெளிநோயாளி. "வைரல் நிமோனியாவாக இருக்கலாம்" என்று இருந்தது. வைரல் நிமோனியாவுக்கான ஜே12.9 போட்டேன். வெளிநோயாளிக்கு "இருக்கலாம்", "சந்தேகம்" என்று எழுதியிருந்தால் அந்த நோயைக் கோடு செய்யக் கூடாது, இருமல், காய்ச்சல் என்று அறிகுறியைத்தான் போட வேண்டும். உள்நோயாளியாக இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அப்படியே எழுதியிருந்தால்தான் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம், அதிலும் கோவிட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அடிப்படையான இந்த விதியையே எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இருமலுக்கு நான் படித்த ஆர்05-கூட 2021 அக்டோபரிலேயே ஆர்05.1, ஆர்05.9 என்று பிரிந்துவிட்டது. மொட்டையாக ஆர்05 போட்டால் செல்லாது.

மூன்றாவதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. டாக்டர் வெறும் "நிமோனியா" என்று எழுதியிருக்கிறார், லேப் ரிப்போர்ட்டில் ஆர்எஸ்வி (மூச்சுப் பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) பாசிட்டிவ். எங்களுக்கு வீடியோவில் சொன்னது "லேப்பைப் பார்த்துப் போட்டுக்கங்க". நானும் ஆர்எஸ்வி நிமோனியாவுக்கான ஜே12.1 போட்டேன். கோடர் அப்படி முடிச்சுப் போடக் கூடாது. இந்த வைரஸால்தான் இந்த நிமோனியா என்று டாக்டர் எழுத வேண்டும், இல்லையென்றால் அவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால், எந்தக் கிருமி என்று குறிப்பிடாத நிமோனியாவுக்கான ஜே18.9-தான். நுண்ணுயிரியல் படித்த எனக்கு அந்த வைரஸ் என்ன செய்யும் என்று தெரியும், ஆனால் நோயைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

டெஸ்ட் திருத்திய அக்கா நல்ல மனுஷி. "இது 2020 கைட்லைன்ம்மா, எங்க படிச்ச?" என்று கேட்டார். சொன்னேன். வேறொன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். ராத்திரி பஸ்ஸில் கிருஷ்ணகிரி டோல்கேட் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். "சார் மீட்டிங்ல இருக்கார்." "சார் பெங்களூரு போயிருக்கார்." "ஆடி முடியட்டும், கம்பெனிங்க அப்பதான் ஆள் எடுப்பாங்க." அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கும் நம்ம ஆடி மாதத்துக்கும் என்ன சம்பந்தம்? பிறகு, இன்னும் 15,000 கட்டினால் "அப்டேட் மெட்டீரியல்" தருவதாக ஒரு மெசேஜ். நாங்கள் ஏற்கெனவே 48,000 கொடுத்தது எதற்கு? மறுத்ததும் "நீ ஒழுங்கா படிக்கல" என்றார்கள்.

போன வாரம் அப்பா நேரில் போனார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதே ஆள் வெளியே வந்து, "பெரியவரே, ரசீதுல வேலைன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்றாராம். பணம் கொடுக்கும்போது அண்ணா, கேட்கும்போது பெரியவரே. அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை. கூடப் போன சித்தப்பா சொல்லித்தான் தெரியும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று மதியம் பேசிப் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதப் போகிறேன். ரசீதும் வாட்சப் மெசேஜ்களும் பத்திரமாக இருக்கின்றன.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வேலை என்று சொன்னால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். கோட் புத்தகத்தின் அட்டையில் எந்த வருடம் என்று பாருங்கள். கோவிட் நிமோனியாவுக்கு என்ன கோடு என்று அவர்களிடமே கேளுங்கள், ஜே12.82 வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். சிபிசி தேர்வுக்கு, அதை நடத்தும் ஏஏபிசி அமைப்பின் தளத்தில் நாமே பதிவு செய்யலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

அடுத்த பேட்ச் திங்கட்கிழமை என்று ஸ்டேட்டஸ் போட்டிருப்பதாகக் கூடப் படித்த பெண் இப்போதுதான் சொன்னாள். தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் யாராவது சேர நினைத்தால் பணம் கட்டும் முன் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். அந்த ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது, காட்டுகிறேன்.