ஆழ்கடல் போட்டா, ஃபைபர் வல்லமா? பாம்பன்ல நாங்க போட்ட கணக்கு

கடலடியில வலைய இழுத்து மீன் பிடிக்கிற இழுவைத்தொழில விட்டுறலாம்னு நானும் மச்சானும் முடிவு பண்ணப்ப எங்க முன்னாடி ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு மானியத்துல ஆழ்கடல் சூரைப்போட்டு, அதாவது தூண்டில் போட்டு சூரை மீன் பிடிக்கிற பெரிய விசைப்படகு, இன்னொண்ணு நாட்டுப்படகு கணக்குல வர்ற ஒரு ஃபைபர் வல்லம், கரையோரம் ஓட்டுற சின்னப் படகு. நாங்க எடுத்தது வல்லம்தான், அதனால என் பேச்சு அந்தப்பக்கம்தான் சாயும், இப்பவே சொல்லிட்டேன். இழுவைய ஏன் விட்டோம்னு கேக்காதீங்க, எல்லைப்பிரச்சனை, பிடிச்சா போட்டே போச்சு, இதெல்லாம் நம்ம கரையில சின்னப்புள்ளைக்கும் தெரியும்.

ஆழ்கடல் திட்டம் 2017ல ஆரம்பிச்சது. அப்ப போட்டு விலை 80 லட்சம்னு வச்சு மத்திய அரசு 40, மாநில அரசு 16, பேங்க் லோன் 16, நம்ம கைக்காசு 8. பதிலுக்கு இழுவைப்போட்டை பாக் ஜலசந்தியில இருந்து எடுத்துரணும். 8 லட்சத்துக்கு 80 லட்சப் போட்டுன்னா யாருக்கு ஆசை வராது, மச்சான் அப்பவே போட்டுக்கு என்ன பேரு வைக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு.

நான் மாட்டிக்கிட்டு நின்னது வேற இடத்துல. மானியம் போட்டு வாங்கத்தான், கடலுக்கு அனுப்புற செலவுக்கு இல்ல. நம்ம ஆளுக சாயங்காலம் போயி காலையில கரை சேர்ற பழக்கம், ஆழ்கடல்னா ரெண்டு மூணு வாரம் கரையப் பாக்க முடியாது, டீசல், ஐஸ், அரிசி பருப்பு, ஆளுகளுக்கு முன்பணம்னு கயிறு அவுக்குறதுக்கு முன்னாடியே லட்சக்கணக்குல கையில வேணும். அந்தக் காசுக்கு பேங்கு லேசுல வராது, வியாபாரிதான் வருவாரு, காசக் குடுத்துட்டு மீன் எனக்குத்தான், நான் சொல்றதுதான் விலைம்பாரு. போட்டு அரசாங்கத்துக் காசுல வந்தாலும் மீன் வியாபாரி கையிலதான் போகுது, மீன்பாடு இல்லாம திரும்பி வந்தா அந்தக் கடன் அடுத்த ஓட்டத்து தலையில ஏறும்.

டீசலையே பாருங்க. வரி இல்லாத டீசல் விசைப்படகுக்கு வருசம் 19,000 லிட்டர், இன்ஜின் வச்ச நாட்டுப்படகுக்கு 4,400. பாத்தா 19,000 பெருசாத் தெரியும். ஆழ்கடலுக்குப் போறவங்க எங்கிட்ட சொன்ன கணக்கு ஒரு ஓட்டத்துக்கு 3,000 லிட்டர், அப்ப ஆறு ஓட்டத்துல தீந்துரும். எங்க வல்லம் நாளைக்கு 20 லிட்டர் குடிக்கும், 4,400ன்னா 220 நாள், காத்து நாள கழிச்சா வருசமே ஓடிரும். ஓட்டச்செலவு மூவாயிரம் ரூபா மச்சான் சட்டைப்பையிலயே இருக்கும், அதனால நாங்க பிடிக்கிற நண்டை ஏலத்துல எவன் கூடக் கேக்குறானோ அவனுக்கு விடலாம். ஒருநாள் ஒரு வியாபாரி விலைய அமுக்கப் பாத்தாரு, மச்சான் பேசாம கூடையத் தூக்கிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டாரு, இழுவைப்போட்டு வச்சிருந்தப்ப அது நடக்குமா?

அப்புறம் மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில, லோன் தவணை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். நாட்டுப்படகு அப்பவும் போகலாம்.

சூரைத்தொழில் தோத்துப்போன தொழில்னு சொல்ல வரல, கன்னியாகுமரிப் பக்கத்து தூத்தூர்க்காரங்க அதுலதான் வாழுறாங்க, ஆனா அவங்களுக்கு அது பழகுன கடல். நான் ஆழ்கடல் போனது ஒரே தடவை, பன்னெண்டு நாள், அதுல பாதி நாள் வாந்தி. அண்ணன் தம்பி நாலு பேரு சேந்து, தூண்டில் தொழில் தெரிஞ்ச ஒரு ஓட்டுனரும் கிடைச்சு, ரெண்டு மூணு ஓட்டத்துக்கான காசையும் ஒதுக்கி வச்சிருந்தீங்கன்னா என் கணக்கு உங்களுக்கு ஆகாது.

வல்லத்துல எனக்கு இன்னும் பிடிபடாதது இன்ஜின்தான். நாலு சீசன்ல ஒருவாட்டி பிரிச்சோம், உப்புத்தண்ணி ஏறி பம்பு போச்சு. இன்னும் எத்தனை வருசம் தாங்கும்னு ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்.